கனடா டப்பும் கிளிநொச்சிச் சுவரும்: வாசகர் கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கேள்வியில பாதிக்கு மேல குளியலறைதான். ஏன் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆடி ஆவணி லீவுக்கு வெளியில இருந்து வந்து நிண்ட சொந்தக்காரர் முதல் ரெண்டு நாள் கிணத்தடியில ஆசைக்கு அள்ளி அள்ளிக் குளிச்சிருப்பினம், மூண்டாம் நாள் "இஞ்ச ஒரு பாத்டப் போட்டா என்ன" எண்டு கேட்டிருப்பினம், போய் இறங்கினவுடன சாமான் கப்பலில ஏறியிருக்கும். அதால சோலர், பிரிட்ஜ் கேள்வி எல்லாத்தையும் அடுத்தமுறைக்கு ஒதுக்கி வச்சிட்டன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: அண்ணை, நாங்கள் கிளிநொச்சி கனகபுரம். கனடாவில இருக்கிற பெரியண்ணா 60 இஞ்சி அக்ரிலிக் பாத்டப் ஒண்டும், அதச் சுத்தி மூண்டு பக்கச் சுவருக்கும் போடுற பனல் செற்றும், மிக்சர் (சூட்டுத் தண்ணியும் பச்சைத் தண்ணியும் கலந்து வாற பைப்), சவர், டப்புக்குத் தண்ணி விழுற வாய் எல்லாம் சேத்து அனுப்பியிருக்கிறார். மார்கழிக்கு குடும்பமா வருவினமாம், அதுக்குள்ள பூட்டி முடிக்கட்டாம். எங்கட மேசன் பாஸ் பாத்திட்டு உது எங்கட சுவருக்கு ஒட்டாது, டைல்ஸ் போடுங்கோ எண்டுறார். அண்ணாவோட கதைச்சா யூரியூப்பில பாத்துச் செய்யச் சொல்லு எண்டுறார். ரெண்டு பேருக்கும் நடுவில நான் என்ன செய்யிறது?

பதில்: தங்கச்சி, மேசன் பாஸ் சொன்னது பாதி சரி. அண்ணா பாத்த வீடியோவில செய்யிறமாதிரி இஞ்ச செய்யேலாது, ஆனா பனலைத் தூக்கி எறியவும் தேவையில்லை.

கனடாவில உள்சுவர் எண்டிறது 16 இஞ்சிக்கு ஒண்டா நிக்கிற மரச்சட்டம், அதுக்கு மேல ஒரு சீற், அவ்வளவுதான். பைப் எல்லாம் சட்டத்துக்கு நடுவில வெறுமையா ஓடும், ஒழுகினா சீற்றை வெட்டிப் பாத்திட்டுத் திருப்பி மூடுவினம். எங்கட சுவர் சீமெந்துக் கல்லு, பைப்பைக் கல்லில வெட்டிப் புதைச்சு மேல பூசிவிடுறம், பிறகு ஒழுகினா உடைக்கிறதுதான். அதால நீங்கள் பனலைப் பற்றிக் கடைசியா யோசியுங்கோ, சுவருக்குள்ள போற சாமானை முதல் யோசியுங்கோ.

டப்பின்ர விளிம்பைத் தடவிப் பாருங்கோ, சுவர்ப்பக்கம் மூண்டிலயும் காது மாதிரி மேல தூக்கின ஒரு ஓரம் இருக்கும். பனல் அந்தக் காதுக்கு முன்னால வந்து இறங்க வேணும், அப்பத்தான் பனலில வழியிற தண்ணி நேர டப்புக்குள்ள விழும், பின்னால போகாது. எங்கட ஆக்கள் பூசி முடிச்ச சுவருக்கு டப்பைக் கொண்டுபோய் முட்ட வைப்பினம், காது சுவரைவிட வெளியால தள்ளிக்கொண்டு நிக்கும், பனல் சுவரில படாது, உடனே பாஸ் கிரைண்டரை எடுத்துக் காதை வெட்டுவார். வெட்ட விட்டிடாதேங்கோ. பூச்சு இன்னும் போடேல்லை எண்டா டப்பை வெறும் கல்லுச் சுவரோட வச்சு மட்டம் பாத்து இருத்திப்போட்டு, பூச்சைக் காதுக்கு மேல மட்டும் கொண்டுவந்து காதோட ஒரே மட்டமா முடிக்கச் சொல்லுங்கோ. பூச்சு முடிஞ்சுது எண்டா டப் விளிம்பு வாற உயரத்தில சுத்திவர ஒரு வரி வெட்டி டப்பை உள்ளுக்கு இறக்கலாம். ஒரு நாள் கூலி கூடும், பரவாயில்லை.

வீடியோவில மாதிரி மரச்சட்டம் அடிச்சு அதுக்கு மேல பனல் போடுவம் எண்டு ஆரும் சொன்னா வேண்டாம் எண்டுங்கோ. இது வன்னி. ஈரமும் இருட்டும் மரமும் ஒண்டாச் சேந்தா கறையானுக்கு நாங்களே பந்தி வச்ச மாதிரி. நான் பாத்த ஒரு வீட்டில ரெண்டு மாரி போக பனலில கை வச்சா உள்ளுக்குப் போகுது, பின்னால சட்டம் எண்டு ஒண்டுமில்லை, புத்து மண்தான் கிடந்தது.

அடுத்தது மிக்சர். அண்ணா நல்ல விலை குடுத்து வாங்கியிருப்பார், இதைச் சொல்ல எனக்கும் மனம் இல்லை, ஆனா அதைப் பெட்டியோட எடுத்து வையுங்கோ. ரெண்டு காரணம். ஒண்டு திரெட், அதுதான் பைப்பைப் பூட்டுற புரி. அமெரிக்கா கனடாச் சாமான் என்பிரி எண்ட திரெட், எங்கட நாட்டில பிரிட்டிஷ் முறை, பிஎஸ்பி. இதில ஒரு வில்லங்கம் என்னெண்டா அரை இஞ்சியில ரெண்டுக்கும் இஞ்சிக்கு 14 புரிதான், அதால சுத்தேக்க ரெண்டு மூண்டு சுத்து அழகா ஏறும், பிளம்பரும் ஏறுது ஏறுது எண்டு திரெட் டேப்பைக் கூடச் சுத்தி இறுக்கி விட்டிடுவார். ஆனா புரியின்ர கோணம் வேற, அதில 60 பாகை இதில 55, கனடாத் திரெட் நுனிக்கு ஒடுங்கிக்கொண்டும் போகும். அண்டைக்கு ஒழுகாது, மூண்டு மாசத்தால சுவருக்குள்ள கசியும். மாத்தி விடுற அடப்டர் இருக்கு, எங்கட பக்கக் கடையளில தேடி அலையவேணும், கொழும்பில எடுப்பிக்கலாம். சுவருக்கு வெளியில நிக்கிற சவர்த் தலைக்கு எண்டா அடப்டர் போடுங்கோ, சுவருக்குள்ள புதைக்கிற இடத்தில நான் போடமாட்டன்.

மற்றக் காரணம் பிரஷர், இதுதான் பெரிசு. உங்கட டாங்கி என்ன உயரத்தில நிக்குது? 15 அடித் தூண் எண்டு வைப்பம். சவர்த் தலை நிலத்தில இருந்து ஆறரை அடி. அப்ப தண்ணிக்கு இருக்கிற இறக்கம் எட்டரை அடிதான். 10 அடி இறக்கத்துக்கு 4.3 பிஎஸ்ஐ (ஒரு சதுர இஞ்சிக்கு எத்தனை றாத்தல் எண்டிற கணக்கு) பிரஷர் வரும், உங்களுக்கு வாறது 3.7. அந்த மிக்சர் சாதாரணமா 20 பிஎஸ்ஐயில இருந்து வேலை செய்யிறமாதிரி செய்தது, சூட்டுத் தண்ணியையும் பச்சைத் தண்ணியையும் தானே சமப்படுத்துற சின்னச் சாமான் ஒண்டு உள்ளுக்கு இருக்கும், அதுக்குப் பிரஷர் இல்லாட்டி தண்ணி சிணுங்கிக்கொண்டுதான் வரும். 20 பிஎஸ்ஐ வேணும் எண்டா டாங்கி சவர்த் தலைக்கு மேல 46 அடி உயரத்தில நிக்க வேணும், தென்னையில தான் கட்டோணும். பிரஷர் பம்ப் போடலாம், போட்டா கரண்ட் நிண்ட நேரம் குளிக்கேலாது எண்டதையும் சேத்து யோசியுங்கோ. போடுறதெண்டா பம்புக்குப் பக்கத்தால நொன் ரிட்டேன் வால்வோட (தண்ணியை ஒரு பக்கம் மட்டும் போகவிடுறது) ஒரு வழி விட்டுவிடுங்கோ, கரண்ட் இல்லாத நேரம் டாங்கித் தண்ணியாவது வரும். கிணத்துத் தண்ணியில வாற மண், துருவுக்கும் அந்தச் சின்னச் சாமான் தாங்காது, அடைச்சிடும்.

என்ர முடிவு: டப்பும் பனலும் கனடா, மிக்சர் இஞ்சத்தையான். சுவருக்கு வெளியில நிக்கிற மிக்சர் எந்த ஹாட்வெயாரிலயும் இருக்கு, சூட்டுக்கும் பச்சைக்கும் நடு இடைவெளி 150 மில்லிமீற்றர், ஆறு இஞ்சி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, எல்லாக் கொம்பனியும் அதுதான், பழுதானா சுவர் உடைக்காமக் கழட்டி வேற போடலாம். தண்ணி விழுற வாய் டப்பின்ர விளிம்பில இருந்து நாலு இஞ்சியாவது மேல நிக்க வேணும், தண்ணிக்குள்ள முட்டிக்கொண்டு நிண்டா பைப்பில தண்ணி இல்லாத நேரம் குளிச்ச தண்ணியை உள்ளுக்கு இழுக்கும். சூட்டுத் தண்ணி லைனுக்கு சாதாரண பிவிசி வேண்டாம், 60 பாகைச் சூட்டுக்கே இளகும். சூட்டில உருக்கி ஒட்டுற பிபிஆர் பைப் போடுங்கோ, உருக்கிற மெசின் இருக்கிற பிளம்பரைப் பிடியுங்கோ. தண்ணி சுடவைக்கிற கீசர் போட்டா ஏர்த்தும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாமப் போடாதேங்கோ, இது தண்ணிக்குள்ள இருந்து குளிக்கிற இடம். டப்பில தண்ணி சுழட்டுற மோட்டர் இருந்தா அது 120 வோல்ட், எங்கட 230இல குடுத்தா ஒருநாள் வாணவேடிக்கை.

வேஸ்ட் பைப்பிலயும் இதே கதைதான். கனடாவில கறுப்பு ஏபிஎஸ் பைப், எங்களிட்ட பிவிசி. ஒன்றரை இஞ்சி எண்டு ரெண்டுக்கும் ஒரே பேர், வெளி விட்டம் அதுக்கு 48 மில்லிமீற்றர் சொச்சம் எங்கடைக்கு 50, எங்கட பிவிசி கம் ஏபிஎஸ்ஸில ஒழுங்காப் பிடிக்கவும் மாட்டுது. ரெண்டு பக்கமும் கிளிப் இறுக்கிற ரப்பர் சொக்கட் ஒண்டால இணையுங்கோ. கட்டாயம் ட்ராப் வைக்க வேணும், வளைவுக்குள்ள தண்ணி நிண்டாத்தான் மணமும் கரப்பானும் மேல வராது. கனடாவில பலகை நிலத்துக்குக் கீழ வெறுமையில அது தொங்கும். உங்களுக்குக் கொங்கிறீற் நிலம், ஒண்டு நிலத்தை வெட்டோணும் அல்லது டப்பை ஆறு இஞ்சி மேடையில தூக்கோணும். சின்னப் பிள்ளையள் வருகினம் எண்டா நிலத்தை வெட்டுங்கோ. ட்ராப் இருக்கிற பக்கம் கழட்டிப் பூட்டுற சின்னக் கதவு ஒண்டு விடாம மூடாதேங்கோ, பாஸ் வடிவில்லை எண்டுவார், கேளாதேங்கோ.

டப்பை இருத்தேக்க அடியில சீமெந்துக் கலவையைக் குவியலாப் போட்டு அது காயமுதல் டப்பை அதில அமத்தி இருத்தோணும். அக்ரிலிக் வளையும். டப்பு நிறையத் தண்ணி 180 லீற்றர் எண்டு வைச்சாலும் 180 கிலோ, அதுக்கு மேல பெரியண்ணா. அடியில வெறுமையா இருந்தா ஒவ்வொருமுறையும் நெளிஞ்சு நெளிஞ்சு வேஸ்ட் வாயில வெடிக்கும். பிறகு தண்ணி நிரப்பி ஒரு இரவு விட்டுப் பாருங்கோ, விடிய திறந்துவிட்டு ட்ராப்பில ரிசு பேப்பரைச் சுத்திப் பிடியுங்கோ, நனையாட்டித்தான் அடுத்த வேலை.

இப்பத்தான் பனல். பூச்சு போட்டு நாலு கிழமை காய வேணும், உங்களுக்கு மாரிக்கு முதல் அது நடக்கோணும், ஐப்பசியில மழை துடங்கினா சுவர் காயவே காயாது. பூச்சுக்கு உப்பு மணல் போட்டினமோ எண்டு பாருங்கோ, சுவரில வெள்ளையா உப்புப் பூத்தா அதுக்கு மேல எந்தப் பசையும் நிக்காது, உப்போட சேந்து கழண்டு வரும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் இருந்தா கல்லுத் தெரிய உரசுங்கோ. பசை அக்ரிலிக்குக்கு எண்டு போட்டிருக்கிறதா வாங்குங்கோ, பலகை ஒட்டுற சில பசை பனலை அரிச்சு மேல வரி விழுத்தும். பைப் ஓட்டைக்கு முதல் பெட்டி மட்டையில பனல் அளவுக்கு வெட்டி ஓட்டை போட்டுச் சுவரில வச்சுப் பாருங்கோ, சரிவந்தா அதைப் பனலில வைச்சு, டேப் ஒட்டி, வெளிப்பக்கத்தில இருந்து துளைக்கிறது. மட்டை பிழைச்சா மட்டையோட போகும். அக்ரிலிக் வெயிலுக்கு ஊதும், 10 பாகை ஏறினா ஒரு மீற்றருக்கு முக்கா மில்லிமீற்றர் கிட்ட நீளும், அதால ஓட்டையள் பைப்பைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும், கீழ டப்போட முட்டாம ஒரு நூல் இடைவெளி விட்டு சிலிக்கனால நிரப்புங்கோ. பனலைத் தகரக் கொட்டிலுக்குள்ள வெயிலில சாத்தி வச்சிருக்கிறியள் எண்டா இண்டைக்கே எடுத்துப் படுக்க வையுங்கோ, நெளிஞ்ச பனலைக் கடவுளாலயும் ஒட்டேலாது.

கேள்வி: மல்லாவியில இருந்து எழுதுறன். அப்பாக்கு 74 வயசு, முழங்கால் வருத்தம். லண்டனில இருக்கிற தங்கச்சி அவருக்காக பாத்டப் போடக் காசு அனுப்புறன் எண்டுறா. எந்த அளவு டப் நல்லது?

பதில்: எந்த அளவும் நல்லதில்லை தம்பி. டப்பின்ர சுவர் சாதாரணமா 15 இஞ்சி கிட்ட வரும், முழங்கால் வருத்தக்காரர் ஈரக் காலோட அதைத் தாண்டி ஏறி, வழுக்கிற அக்ரிலிக்கில இருந்து, பிறகு எழும்ப வேணும். தங்கச்சி லண்டனில பாத்தது கதவு வைச்ச டப்பாயும் இருக்கலாம், அதில தண்ணி முழுக்க இறங்கிற மட்டும் மனுசன் நனைஞ்சபடி உள்ளுக்கே இருக்கோணும். அந்தக் காசில குளிக்கிற இடத்தை வாசல்படி இல்லாம ஒரே மட்டமாக்கி, சொரசொரப்பு டைல்ஸ் போட்டு, கை பிடிச்சுக் குளிக்கிற சவர் ஒண்டு, கால் வழுக்காத கதிரை ஒண்டு, நிலத்தில இருந்து 33 இஞ்சிக்கும் 36 இஞ்சிக்கும் இடையில பிடி ரெண்டு போடுங்கோ. பிடியைக் கல்லுக்குள்ள ஆங்கர் போல்ட் அடிச்சு இறுக்கோணும், காத்தில ஒட்டுற ரப்பர்ப் பிடி வேண்டவே வேண்டாம், விழேக்க அதுவும் கூட வரும். தண்ணியையும் பாருங்கோ, டப் ஒருக்கா நிரப்ப 10 லீற்றர் வாளியால 18 வாளி, ஆவணிக் கிணத்தில அவ்வளவு இறைச்சா பக்கத்து வீட்டுக்காரர் கதைக்கமாட்டினம். எனக்குத் தெரிய ஒரு வீட்டில டப்புக்குள்ள இப்ப நெல்லு மூட்டைதான் கிடக்கு.

கேள்வி: புதுக்குடியிருப்பு. போன வருசம் டப் போட்டு சுத்திவர டைல்ஸ் ஒட்டினது. இப்ப குளியலறைக்கு மற்றப் பக்கத்தில சாமி அறைச் சுவர் கீழ ஊறி பெயின்ற் பொக்களிக்குது. மேசன் வந்து கிரவுட்டை (டைல்ஸ் இடுக்குக்கு நிரப்புற கலவை) திருப்பி அடிச்சார், ரெண்டு கிழமையில திரும்பவும் ஊறுது. பைப் உடைஞ்சதோ? டைல்ஸ் முழுக்க உடைக்க வேணுமோ?

பதில்: உடைக்கமுதல் மூண்டு நாள் செலவழியுங்கோ. முதல் நாள் டப்பையும் சவரையும் பாவிக்காமல் டாங்கி வால்வைத் திறந்தபடி விடுங்கோ, வேற இடத்தில தண்ணி எடுக்காத ஒரு இரவில டாங்கி மட்டம் இறங்குதோ எண்டு ஒரு கோடு போட்டுப் பாருங்கோ. இறங்கினா பிரஷர் லைன், சுவருக்குள்ள வேலை இருக்கு. (கொமட் டாங்கி ஒழுகுதோ எண்டு முதல் பாத்துக்கொள்ளுங்கோ, அதுதான் கனபேரை ஏமாத்திறது.) ரெண்டாம் நாள் சுவரில படாம டப்புக்குள்ள மட்டும் தண்ணி நிரப்பித் திறந்துவிடுங்கோ, ஊறினா வேஸ்ட், ட்ராப், இல்லாட்டி ஓவர்ப்ளோ ஓட்டையின்ர ரப்பர். மூண்டாம் நாள் சவரைச் சுவருக்கு அடியுங்கோ. அண்டைக்குத்தான் ஊறுது எண்டா டைல்ஸுக்கும் டப்புக்கும் இடையில இருக்கிற மூட்டு.

என்ர எண்ணம் மூண்டாவதுதான், ஏனெண்டா கிரவுட் அடிச்சு ரெண்டு கிழமை நிண்டிருக்கு. அந்த மூட்டுக்குக் கிரவுட் சரிவராது. டப் தண்ணி நிரம்பினா கீழ இறங்கும், வெறுமையானா மேல வரும், கிரவுட் சீமெந்து மாதிரி, நெளியாது, மயிர் அளவில வெடிக்கும், அதுக்குள்ளால தண்ணி போகும். முழுக்கச் சுரண்டி எடுத்திட்டு, ரெண்டு நாள் ஃபான் போட்டுக் காயவிட்டு, டப்பில தண்ணியை முழுக்க நிரப்பிப்போட்டு, அந்தப் பாரத்தோட மூட்டு நல்லா விரிஞ்சு நிக்கேக்க சிலிக்கன் போடுங்கோ. ஒரு நாள் முழுக்க தண்ணியை எடுக்காதேங்கோ, சிலிக்கன் இறுகினாப் பிறகு எடுத்தா அது அமுங்கித்தான் நிக்குமே தவிர இழுபடாது. சிலிக்கன் வாங்கேக்க வினாகிரி மணம் வாற மலிஞ்சது வேண்டாம், சீமெந்துப் பக்கம் அது நல்லாப் பிடிக்காது, நியூற்றல் எண்டு போட்டு பூஞ்சணம் பிடிக்காததா எடுங்கோ.

டைல்ஸின்ர நடுவில இருக்கிற கிரவுட்டும் தண்ணியை மறிக்காது. மறிக்கிறது டைல்ஸுக்குப் பின்னால ரெண்டு தரம் அடிக்கிற வாட்டர் புரூவிங். உங்கட சுவருக்கு அடிச்சதோ எண்டு மேசனைக் கேளுங்கோ. தலையைச் சொறிஞ்சார் எண்டா அடிக்கேல்லை. அப்பிடியெண்டாலும் உடனே உடைக்கத் தேவையில்லை, மூட்டைச் சரியாச் செய்து ஒரு மாரி பாருங்கோ.

கேள்வி: வவுனியா. ரெண்டு மாசத்துக்கு முதல் வாங்கின சுவர் மிக்சர், மேல பூச்சு உரியுது. கடையில கேட்டா உங்கட தண்ணியில கல்சியம், அதுதான் எண்டுறான். 5 வருச வரன்ரி எண்டு வாயால சொன்னவன். பில்லில "சாமான் 1" எண்டு மட்டும் எழுதியிருக்கு. ஏதும் செய்யேலுமோ?

பதில்: ஏலும், ஆனா கெதியாச் செய்யுங்கோ. முதல் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கோ: கொமட் கழுவுற அசிட்டால அதைத் தேய்ச்சனியளோ? தேய்ச்சிருந்தா கடைக்காரன் பாதி சரி, அசிட் குரோம் பூச்சைத் திண்டிடும். கல்சியத்தால வாறது வெள்ளைப் படை, தண்ணி கலந்த வினாகிரியில துணியை நனைச்சுச் சுத்தி வச்சு அரை மணித்தியாலத்தால துடைச்சா போகும், அடியில குரோம் மினுங்கும். உங்களுக்குத் தோல் மாதிரிப் பொக்களிச்சு உரியுது எண்டா அது தண்ணியின்ர குற்றமில்லை, பூச்சுப் பிழை. ரெண்டையும் கிட்ட வச்சுப் படம் எடுங்கோ.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள அந்த அதிகாரசபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்க வேணும். உங்களுக்கு ஒரு மாசம் தான் இருக்கு, கடைக்காரன் நாளைக்கு வா, முதலாளி கொழும்பு போட்டார் எண்டு இழுக்கிறது அந்த மாசத்தை விழுங்கத்தான். அதிகாரசபையின்ர ரெலிபோன் இலக்கம் 1977க்கு எடுத்து விசாரியுங்கோ, கடிதம் எழுதிக் குடுங்கோ, கடிதத்தில திகதி, கடைப் பேர், விலை, என்ன சொல்லி வித்தவை எல்லாம் போடுங்கோ. பெட்டியை எறிஞ்சிருக்கமாட்டியள் எண்டு நம்புறன், வரன்ரி பெட்டியில அச்சடிச்சிருக்கும். காசு பாங்கால போட்டிருந்தா அந்தத் துண்டு, வட்ஸ்அப்பில கதைச்சிருந்தா அந்தக் குரல், எல்லாம் சேருங்கோ.

மற்ற ஆக்களுக்கும் சேத்துச் சொல்லுறன், கேட்டா பில் குடுக்கவேண்டியது கடைக்காரன்ர கடமை, அவர் செய்யிற உபகாரமில்லை. பில்லில கொம்பனி, மொடல், வரன்ரி எத்தனை வருசம், எதுக்கு வரன்ரி, உள்ளுக்கு இருக்கிற காட்றிஜ்ஜுக்கு மட்டுமோ பூச்சுக்கும் சேத்தோ எண்டு எழுதச் சொல்லுங்கோ. வாங்கேக்க மிக்சரைத் தூக்கிப் பாருங்கோ, பித்தளை எண்டா கைக்குப் பாரம் தெரியும். திரெட் பக்கம் உள்ளுக்கு எட்டிப் பாருங்கோ, மஞ்சளா இருக்கோணும், சாம்பல் நிறம் எண்டா வேற உலோகம். காந்தம் பிடிச்சுப் பாக்கச் சொல்லுவினம், அதால பிரயோசனமில்லை, பித்தளையிலயும் ஒட்டாது அந்தச் சாம்பல் உலோகத்திலயும் ஒட்டாது. மேசன், பிளம்பரோட காசுப் பிரச்சினை எண்டா மத்தியஸ்த சபைக்குப் போங்கோ, வழக்கை விடச் செலவும் அலைச்சலும் குறைவு.

கேள்வி: ஒட்டுசுட்டான். டப் தண்ணியை மலக்குழிக்கே விடலாம் எண்டு பிளம்பர் சொல்லுறார், சரியோ?

பதில்: பிழை. ஒரேயடியா 180 லீற்றர் போய் விழுந்தா குழிக்குள்ள அடங்கிக் கிடக்கிறதெல்லாம் கலங்கி வெளியால தள்ளும், சவர்க்காரம் அங்க வேலை செய்யிற கிருமியளுக்கும் கூடாது. தனி லைனில வாழைக்கு விடுங்கோ, வாழை இல்லாட்டி கல்லுப் போட்ட தனிக் குழி. கிணத்தில இருந்து 50 அடியாவது தள்ளி. மாரியில நிலம் நிறைஞ்சு தண்ணி போகாம நிக்கிற காணி எண்டா குழியை வளவின்ர மேட்டுப் பக்கம் வையுங்கோ.

கேள்வி: பரந்தன். பனல் செற் எல்லாம் எங்களுக்குக் கட்டாது அண்ணை. சீலிங்குக்கு அடிக்கிற பிவிசி சீற்றைக் குளிக்கிற இடத்துச் சுவருக்கு அடிச்சா என்ன? 5½ லட்ச ரூபா மானியத்தில கட்டின இந்திய வீட்டுத்திட்ட வீடு, பின்னால ஒரு சின்னக் குளியலறை இறக்கியிருக்கிறம்.

பதில்: அடிக்கலாம், ஆனா தண்ணி நேர படுற இடத்தில இல்லை. அந்தச் சீற் உள்ளுக்குக் குழல் குழலா வெறுமை, ஒண்டோட ஒண்டு கொழுவுற மூட்டுக்கு ரப்பர் இல்லை, சவர் அடிச்சா மூட்டால உள்ளுக்குப் போன தண்ணிக்கு வெளியால வர வழி கிடையாது. டப்பும் இல்லை, சின்ன அறை எண்டா நான் சொல்லுறது இதுதான்: சுவருக்கு வாட்டர் புரூவிங் ரெண்டு தரம் அடிச்சு, தண்ணி படுற பக்கம் மட்டும் ஆறரை அடி உயரத்துக்கு டைல்ஸ், கடைசியில மிஞ்சிற டைல்ஸைக் கழிவு விலையில விப்பினம், நிறம் ஒத்துவராட்டி என்ன. அதுக்கு மேலயும் மற்றச் சுவருக்கும் பிவிசி சீற் அடியுங்கோ. அடிக்கிற சட்டம் மரம் வேண்டாம், அலுமினியமோ பிவிசியோ எடுங்கோ. வெட்டின வாயெல்லாத்தையும் சிலிக்கனால மூடிவிடுங்கோ, இல்லாட்டி நீங்கள் குளிக்கமுதல் எறும்பு குடிபூந்திடும்.